டிக் போடும் இடம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லிஃப்ட் கம்பெனி,
புகார் மேஜையில் எனக்கு முதல் வாரம்.
படிவத்தின் வலது ஓரம் இரண்டு கட்டம்:
மேஜர். மைனர்.
ஒன்றில் டிக் போடாவிட்டால்
கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு விடாது.

முதல் போன் கீழ்ப்பாக்கத்திலிருந்து.
மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே
ஒரு பையன், ஏழு வயசு, கராத்தே உடுப்பில்,
இருட்டில்.
அவன் அம்மா எதுவும் பேசவில்லை. போனைக்
கதவிடுக்கில் பிடித்திருந்தாள்.
அழுகை நல்ல தெளிவாக லைனில் வந்தது.
மேஜர் என்று போட்டேன்.

ஜோதிராமலிங்கம் சார் கூப்பிட்டு அனுப்பினார்.
"ஆள் மாட்டினா மைனர்மா.
சாவி போட்டுத் திறந்தா முடிஞ்சுது.
மோட்டார் எரியணும், ரோப் அறுக்கணும்,
பார்ட்ஸ் புனேயிலேர்ந்து வரணும்,
அதுக்குப் பேரு மேஜர்."
புரிந்தது சார் என்றேன்.
புரியத்தான் செய்தது.

சாயந்திரம் தாஜுதீன் அண்ணன் திரும்பி வந்து
கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
திறந்ததும் அந்தப் பையன் கேட்டானாம்,
"நான் எந்த மாடியில இருக்கேன்?"
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

பிறகு கை பழகிவிட்டது.
தி. நகர் ஜவுளிக்கடை, ஒன்பது பேர்,
ஒருவருக்கு மூச்சுத் திணறல்: மைனர்.
அண்ணா நகர், நள்ளிரவு, உள்ளே யாருமில்லை,
லேசாகக் கருகல் வாசனை: மேஜர்.

வார்த்தை எனக்குப் புதுசில்லை.
மூன்று வருஷம் முன்னால் புளியந்தோப்பு ஸ்டேஷனில்
இன்ஸ்பெக்டர் என் பத்தாவது மார்க்‌ஷீட்டை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
விரல்விட்டு எண்ணினார்.
பதினெட்டு வருஷம், பதினோரு நாள்.
"பொண்ணு மேஜர்யா," என்றார் அப்பாவிடம்,
"நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

நான் பெரிய மனுஷி ஆனதற்குத்
தெருவை அடைத்துப் பந்தல் போட்டு
மைக்செட் வைத்தவர்தான்.
மேஜர் ஆனதற்கு
தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்,
அளவு பிடிபடாத மாதிரி.
பக்கத்தில் இன்னாசிமுத்து
என் செருப்பைக் கையில் வைத்திருந்தான்.
ஏன் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.
அப்பா எழுந்து போனார்.
வாங்கிக் கொடுத்த டீ ஆடை கட்டி
பெஞ்சிலேயே இருந்தது.

நேற்று பதினொன்றரை.
மேஜைக்கு அடியில் என் போன் அதிர்ந்தது.
பெயர் வரவில்லை, நம்பர் வந்தது.
அழித்திருந்தேன், மறந்திருக்கவில்லை.

"அம்மாவுக்கு ஆபரேஷன். ஸ்டான்லில."

கை தானாகக் கட்டத்தைத் தேடியது.
"மேஜரா?" என்றேன்.
மூன்று வருஷத்துக்குப் பிறகு
அப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அந்தப் பக்கம் பதிலில்லை.
ஒரு ட்ராலி கிறீச்சிட்டுப் போவது கேட்டது.
யாரோ யாரையோ அட்டெண்டர் என்று கூப்பிட்டார்கள்.
"இல்லம்மா. மைனர்தான். கண்ணுல புரை.
நாளைக்குக் கட்டுப் பிரிச்சிடுவாங்க."
அப்புறம்,
"சும்மா, சொல்லலாம்னு."

வைத்துவிட்டார்.
எனக்கு முன்னால் ஏதோ ஒரு பெரம்பூர் லிஃப்ட்,
டிக் போடாமல் காத்திருந்தது.

லீவு கேட்கப் போனேன்.
"என்னம்மா, மேஜரா மைனரா?"
சார் சிரித்தார், அவருக்கு அது ஜோக்.
மேஜர் சார்.
"என்ன ஆச்சு?"
கால் சார், என்றேன். வீட்டிலேர்ந்து...

"அடடா, காலா? முறிவா?
யாருக்கு, அப்பாவுக்கா அம்மாவுக்கா?"

திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் பேனாவைத் திறந்து
மூன்று நாள் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு, என்றேன்.

"கூடுறதுக்கு நாளாகும்மா," என்றார்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.