எட்டு அடி

இருபத்திரண்டு அடியில் நிற்கிறது கிணறு.
இன்னும் எட்டடி, அதற்குள் ஊற்று வராவிட்டால்
கூலி வேண்டாம் என்கிறான் கல்வெடி மரியதாஸ்.
கனகராயன்குளத்துப் பாறை அவனுக்கு மனப்பாடம்.
அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி
இந்த மாதக் காசு வரட்டும் என்றேன்.

இந்த மாதக் காசு
இரண்டு அரபு நாட்டுக்கு நடுவில்
ஒரு லொறியில் குந்தியிருக்கிறது.

குரல்பதிவு அனுப்பியிருந்தான் தம்பி இதயன்:
"அண்ணை, இண்டைக்குப் பதினோராம் நாள்.
முன்னுக்கு நூற்றிநாப்பது லொறி வரைக்கும் எண்ணினன்,
பிறகு விட்டிட்டன்.
பின்னுக்கு முழுக்கத் தக்காளி.
குளிர்ப்பெட்டி இரையிறது கேக்குதோ?
அது டீசல் குடிக்குது
நான் வெறுந்தேத்தண்ணி குடிக்கிறன்."

ஒரே பாசை பேசுகிற இரண்டு நாடாம்.
ஒரே திசை பார்த்துத் தொழுகிறவர்களாம்.
வாசலில் இருந்தவன் கடதாசியைப் புரட்டி
முத்திரை பிழை என்றானாம்.
போன கிழமை வரைக்கும்
அதுதான் சரியான முத்திரை.

எனக்கு இதொன்றும் புதினமில்லை.
சமாதானம் என்று பெயர் வைத்த காலத்தில்
ஓமந்தையில் மூட்டை தூக்கிய நாட்டாமை நான்.
தெற்கு லொறியில் வந்ததை இறக்கி
குத்தூசி போட்டுப் பார்க்க விரித்து
திரும்பக் கட்டி ஏற்றி
ஆளில்லா வெளியைத் தாண்டியதும்
இங்கால் பக்கத்து ஆயத்துக்கு இன்னொரு தரம் இறக்கி
இன்னொரு தரம் ஏற்றி.
ஒரு மூட்டை சீனி
என் முதுகில் நாலு தரம் ஏறும்.
நாலு தரமும் எனக்குக் கூலி.

மறைக்க என்ன இருக்கிறது,
அந்தக் கோடுதான் எனக்குச் சோறு போட்டது.
என் கலியாணத்துக் கூறைச்சேலையும்
அந்தக் கோட்டில் இருந்துதான் வந்தது.
கிளிநொச்சிக் கடையில் கால் கிலோ வாங்கிய மனிசிக்கு
என் நாலாவது தூக்கும் சேர்ந்துதான்
தேத்தண்ணியில் கரைந்தது.
அவளை நான் கண்டதில்லை.
காணவேண்டும் என்று நினைத்ததுமில்லை.

அங்கேயும் ஒருவன் இருப்பான்.
இதயனுக்கு மூன்று மடங்கு விலையில் ரொட்டி விற்கிறவன்,
முத்திரைக்கு ஆள் பிடித்துத் தருகிறவன்,
சீலை வெட்டி, பெட்டியைத் திறந்து
அந்த நாட்டு லொறிக்குத் தக்காளி மாற்றுகிற
என்னைப்போல் ஒரு முதுகு.
வாசல் திறந்துவிடக்கூடாதென்று
அவன் நேர்த்தி வைத்திருந்தாலும்
நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் என் கிணறு?

"பழுதாகிறதுக்கு முந்தி
நல்லதாப் பார்த்து நாலைந்தை எடுத்துச் சாப்பிடன்ரா"
என்று பதில் போட்டேன்.
சிரித்தான். "சீலில கை வைச்சால் அதுக்கு வேற தண்டம், அண்ணை.
இந்த லோட் அழுகினால் முதலாளி
என்ரை சம்பளத்திலைதான் கழிப்பான்.
எவ்வளவு எண்டு இன்னும் சொல்லேல்ல."

எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
எட்டு அடி.
எந்தச் சுங்கக் கணக்கிலும் எழுதமாட்டார்கள்,
இரண்டு நாடும் சேர்ந்து
கனகராயன்குளத்தில் எட்டடிப் பாறையை
தோண்டாமல் விட்டதை.

மரியதாஸ் காலமை வந்தான்.
"என்ன தடை?"
"தக்காளி" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
குனிந்து கிணற்றுக்குள் பார்த்தான்,
கயிற்றை இழுத்து முழங்கையில் சுற்றத் தொடங்கினான்,
கூடையையும் அலவாங்கையும்
முருகண்டியில் வேறு வேலைக்குக் கொண்டுபோகிறானாம்.

பன்னிரண்டாம் நாள் பதிவு வந்தது.
இதயன் ஒன்றும் பேசவில்லை.
தூரத்தில் யாரோ ஹோர்ன் அடிக்கிறார்கள்,
யாரோ ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
காதோடு அழுத்திவைத்து
மூன்று தரம் கேட்டேன்.

குளிர்ப்பெட்டி இரையவில்லை.