வெள்ளையடிப்புப் பதிவேடு

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று
பல்கலைக்கழகத்துக்கு ஒரு சால்வை,
சிறுதொழில் சங்கத்துக்கு ஒரு சால்வை.
நாகமலைப் பக்கமிருந்து வந்த காற்றில்
பின்னால் கட்டிய பேனர் மட்டும்
யாருக்கும் கட்டுப்படாமல் படபடத்தது:
'ஒழுங்குமுறைச் சுமை குறைப்பு ஆய்வு'.

நான் களப்பணியாளர். படிவத்துக்கு எண்பது ரூபாய்.
கப்பலூர் தொழிற்பேட்டையில்
ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கி
எந்த விதி எத்தனை நாள் தின்கிறது,
எந்த முத்திரை எவ்வளவு கேட்கிறது
என்று எண்ண வேண்டும்.

எண்ணினேன்.
ஒரு ரப்பர் வாஷர் வாசல் தாண்ட
ஏழு துறை, நாற்பத்தொரு தாள்.
கிணறே இல்லாத இடத்தில்
கிணறு எத்தனை அடி தூரம் என்றொரு கேள்வி.
'பொருந்தாது' என்று எழுதிய தாள்
திரும்பி வந்திருந்தது,
விடை அடிக்கணக்கில் இல்லை என்று.
எச்சில் துப்பும் மணல்தொட்டிகளுக்குத்
தனி வரைபடம்.

சங்கச் செயலாளர் துளசிராம்
ஒரு இசைவாணைக்கு
நூற்று நாற்பத்து மூன்று நாள் நடந்தவர்.
ஓடாத பிரஸ்ஸைத் தினமும் துடைத்துவைத்து
இருபது பேருக்குச் சம்பளம் கொடுத்த கதையை
டீ ஆறும்வரை சொன்னார்.
மனைவியின் வளையல் வந்த இடத்தில்
டீயையே பார்த்தார்.
அதற்கு நான் கட்டம் தேடினேன்.
'செலவு: பிற' என்றுதான் இருந்தது.

நீக்கத் தகுந்தவற்றில் பத்தொன்பதாவது:
பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து
அடித்த தேதியைப் பதிவேட்டில் எழுதுவது.
இழப்பு, ஒரு வேலைநாள்.
பேராசிரியர் இன்னாசியம்மாள்
அதன்மேல் மஞ்சள் இழுத்தார்.
எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

தொழிலாளர் பகுதி என்று
கடைசிப் பக்கத்தில் மூன்றே கேள்வி.
செக்கானூரணியிலிருந்து வரும் ஒச்சம்மாள்
பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"வெள்ளையடிக்கிற அன்னைக்கு மிசின் ஓடாது.
ஆனா முழுச் சம்பளம்.
போன தடவ அன்னைக்குத்தான்
ரேசன் கார்டுல மகன் பேர ஏத்துனேன்.
அதுக்கு முந்துன தடவ
வேப்பமரத்தடியில படுத்துத் தூங்குனேன்.
சும்மா.
பகல்ல தூங்கி எத்தன வருசமாச்சுங்கிறீங்க."

துளசிராமிடம் சொன்னேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
"சுண்ணாம்பு அடிக்கிறதாம்மா கஷ்டம்?
அடிச்சத எழுதணும்,
எழுதுனதக் காட்டணும்,
காட்டுனதுக்குக் கவனிக்கணும்.
அதுதான் சாகடிக்குது."

பேராசிரியரிடமும் சொன்னேன்.
"ஒரு ஆள் சொன்னது தரவு ஆகாது.
நாற்பது பேரிடம் கேள்."
சரிதான்.
நாற்பது பேரிடம் கேட்கத்
திட்டத்தில் பஸ் காசு இல்லை.
ஏற்கெனவே போன பஸ் காசே
மழையில் எழுத்தழிந்த டிக்கெட்டுகளால்
தணிக்கையில் நிற்கிறது.

அறிக்கை போனது.
அழகர்கோவில் சாலை ஹோட்டலில்
மறுபடி இரண்டு சால்வை.
பத்தொன்பதாவது உருப்படி அப்படியே இருந்தது,
மஞ்சள் மட்டும் அச்சில் சாம்பலாகியிருந்தது.

தை பிறந்து ஒரு சாயங்காலம்
பெரியார் நிலையத்து நெரிசலில் போன் வந்தது.
"ஒச்சம்மா பேசுறேன், வாஷர் கம்பெனி.
இந்த வருசம் வெள்ளையடிப்பு
இருக்கா இல்லையா?
சின்னவளப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்.
நாள் பாக்கணும்ல."

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.
நூற்றுப் பன்னிரண்டு படிவங்களில்
'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்துக்குள்
என் கையெழுத்திலேயே இருக்கிறது
அந்த வாக்கியம்.