என்

பாடநூலில் ஒரு பூனை, ஒரு பெட்டி.
பெட்டிக்குள் பூனை. பெட்டிமேல் பூனை.
பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பூனை.
பதினோரு படங்கள்.
எல்லாவற்றிலும் அதே பூனை, அதே சலிப்பு.

ஏழாம் வகுப்பு, முப்பத்திரண்டு பேர்.
வெளியே மழை. சிலோயேத் தீவில்
அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
விறகடுப்பைச் சுற்றிக் கம்பளிச் சட்டைகள் காய,
வகுப்பு முழுக்க நனைந்த ஆட்டின் வாடை.

இன், ஆன், அட் என்கிறேன்.
பலகையைத் தட்டி மறுபடியும் சொல்கிறேன்.
இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.
எங்கள் ஸ்பானியத்தில் மூன்றுக்கும் சேர்த்து
ஒரே சொல்தான்: என்.
மேசைமேல் ரொட்டி, அதற்கும் என்.
பைக்குள் கத்தி, அதற்கும் என்.
பேருந்து நிறுத்தத்தில் அம்மா, அதற்கும் என்.
எல்லாவற்றுக்கும் என் என்று சொல்லி
நிம்மதியாக இருந்தவர்களிடம்
எங்கிருந்தோ ஒருத்தி வந்து
பாகம் பிரித்து வேலி போடச் சொல்கிறாள்.
அந்த ஒருத்தி நான்தான்.
அடுத்த தெருக்காரி.

பூனையை மூடி வைத்தேன்.
போன பிப்ரவரி மிங்காவில்
கார்க்கமோ வீட்டை இடம் மாற்றினோமே,
அதைச் சொல்லுங்கள் என்றேன்.

வகுப்பு விழித்துக்கொண்டது.
பன்னிரண்டு ஜோடி எருதுகள், மிஸ்!
வீடு உருளைக்கட்டைகள்மேல்.
சரிவின் வழியே.
வேலிக்கும் தேவாலயத்துக்கும் இடையே,
ஒரு கைப்பிடி இடைவெளியில்.
அப்புறம் தண்ணீருக்குள்.
உள்ளே இல்லடா, மேலே.
கால்வாயின் குறுக்கே, படகுகளுக்குப் பின்னால்.
த்ரூ என்று ஒருவன் கத்த,
அக்ராஸ் என்று திருத்தினாள் ரொசால்பா கார்க்கமோ.
அவள் வீடு அல்லவா.
திரைச்சீலையைக்கூடக் கழற்றவில்லை மிஸ்,
அக்கரை ஏறியதும் அதே அடுப்பில் தேநீர் போட்டோம்.

அன்று நான் கொஞ்சம் கர்வப்பட்டேன்.
அந்தக் கர்வத்தோடுதான் எழுதச் சொன்னேன்:
உன் அப்பா இப்போது எங்கே? ஒரே வாக்கியம்.

இசித்ரோ நாவெல்கின் எழுதியிருந்தான்,
மை ஃபாதர் இஸ் இன் த சீ.

பொறுமையாக விளக்கினேன்.
கப்பல் வேலைக்குப் போனவனுக்கு அட்.
மேலே மிதப்பவனுக்கு ஆன்.
இன் என்றால் மீன், கல்,
மூழ்கிப் போன நங்கூரம்.
‘இன்’னை அடித்து ‘அட்’ என்று எழுதினேன்.

அவன் போகவில்லை. மேசையோரம் நின்றான்.
அப்பா படகுக்காரர் இல்லை, மிஸ்.
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவர்.
வலைக்கும் கீழே. பதினான்கு மீட்டர்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
பத்தேகால்.
இப்போ உள்ளேதான்.

அழியாத மை அது.
என் திருத்தத்தின்மேல் ஒரு கோடு போட்டேன்,
கோட்டுக்குக் கீழே ‘சரி’ என்று எழுதினேன்.
அந்த வரி இப்போது
யாரோ சண்டை போட்ட இடம் மாதிரி இருக்கிறது.

வியாழக்கிழமை இணைப்புச் சொற்கள்.
பிகாஸ், பட், ஆல்தோ, அன்டில்.
இரண்டு வாக்கியங்களை எது கட்டும் என்று கேட்டேன்.
கயிறு என்றார்கள். பசை. ஆணி.
குழாய் என்றான் இசித்ரோ.
சிரித்தார்கள்.
அவன் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.
படகில் கம்ப்ரசர் இருக்கும், எனக்குத் தெரியும்,
அங்கிருந்து மஞ்சள் குழாய் ஒன்று
நீருக்குள் இறங்கிப் போகும்.

‘அன்டில்’ போட்டு அவன் எழுதியது:
கம்ப்ரசர் பார்த்துக்கொள்ளும் ரெனான் மாமா
அப்பா மேலே வரும்வரை
சிகரெட் பற்றவைக்க மாட்டார்.

ஆங்கிலத்தில் அதில் இரண்டு பிழைகள்.
திருத்தாமல் விட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும்.
திருத்தினேன். சம்பளம் அதற்குத்தான்.
‘அன்டில்’லை மட்டும் தொடவில்லை.
அது சரியான இடத்தில் இருந்தது.

இடைவேளை மணி எப்போதோ அடித்துவிட்டது.
மற்றவர்கள் தாழ்வாரத்தில் ஓடினார்கள்.
அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்,
பை மடிமேல், கை பைக்குள்.
பதினொன்றைத் தாண்டி முள் நகர்ந்ததும்
ரொட்டியை வெளியே எடுத்தான்.