ஏழு ஏழு ஏழு

கன்டெய்னர் என்றால்
காரைக்காலில் கப்பலிலிருந்து இறக்குகிற இரும்புப் பெட்டியா
என்று கேட்டார் என் மாமி.
கிட்டத்தட்ட, என்றேன்.
யார் திறக்கலாம் என்பதுதான்
இதிலும் தகராறு.

நெல் கொள்முதல் நிலையங்களில் ஓடுகிறது
நான் கட்டிய பெட்டி.
ஈரப்பதம், மூட்டைக் கணக்கு,
பெயர், பட்டா, வங்கி எண்.

முதல் பதிப்பு தாராளம்.
ரூட்டாக ஓடும்.
எல்லாத் திசைக்கும் போர்ட் காட்டும்.
கடவுச்சொல் இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றும் இருக்காது.
"போட்டதும் ஓடுது மேடம்" என்றார்கள்.
அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

குறுவை அறுப்பில், ஒரு புரட்டாசி இரவு,
வலங்கைமான் கணக்கு முழுவதையும்
எவனோ துடைத்துவிட்டு
பிட்காயின் கேட்டு
ஒரே ஒரு வரி விட்டுப் போயிருந்தான்.
பூட்டை உடைத்தான் என்று
அறிக்கையில் எழுதினார்கள்.
எந்தப் பூட்டை?
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
தீபாவளி தாண்டித்தான் பணம் ஏறியது.

அடுத்த பதிப்பை
கோபத்தோடு எழுதினேன்.
ரூட் கிடையாது.
போர்ட் வெளியே தெரியாது.
கோப்புறையைப் படிக்கலாம், தொடக்கூடாது.
பதினாறு எழுத்துக் கடவுச்சொல் இல்லாமல்
எழுந்திருக்கவே எழுந்திருக்காது.
ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

எட்டாம் நாள் தை மாதத்தில் மழை.
கொரடாச்சேரி நிலையத்தில்
தார்ப்பாய் போதாமல் நனைந்துகொண்டிருந்தது சம்பா.
காலையில் பதினாறு காட்டிய ஈரம்
மூன்று மணிக்கு இருபத்தொன்று.
நடுவில் என் பெட்டி
ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது:
அனுமதி மறுக்கப்பட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது
எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.
பட்டியல் எழுத்தர் கலியபெருமாள்
நாள்காட்டியின் ஓரத்தைக் காட்டினார்.
பச்சை மையில், தேவாரம் எழுதுகிற அழகில்,
ஏழு ஏழு ஏழு.

யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம்,
யாரும் எதையும் ஓட்டலாம்.
குடவாசலிலிருந்து வாட்ஸப்பில் வந்ததாம்.
அவர் நன்னிலத்துக்கு அனுப்பினாராம்,
நன்னிலம் பேரளத்துக்கு.
முதல் பதிப்பில்கூட
இவ்வளவு திறந்து வைத்ததில்லை நான்.

கோபப்படத்தான் வாயெடுத்தேன்.
"மறுக்கப்பட்டதுன்னு போட்டிருந்துச்சு மேடம்.
யார்கிட்ட போய்க் கேக்கணும்னு போடலியே."

வெளியே நனைந்த மூட்டையைப் பிரித்து
கையால் நெல்லை அளைந்துகொண்டிருந்தார் ஒருவர்.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
நான் யாரென்று அவருக்கு
யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

அன்றிரவே உட்கார்ந்தேன்.
ரூட் இல்லை, அதில் பேச்சில்லை.
போர்ட் உள்ளூரோடு சரி.
கோப்புறையை அதுவே உண்டாக்கி
அதுவே சொந்தம் கொண்டாடட்டும்.
கடவுச்சொல்லை அதுவே பிறப்பித்து
முதல்முறை திரையில் காட்டட்டும்.
மறுத்தால், மறுத்த கையோடு
அடுத்து அடிக்கவேண்டிய வரியையும் சொல்லட்டும்,
தமிழில்.

ஒன்றை விட்டுக்கொடுத்தேன்.
நெல் சுணை ஏறிய விரலால்
மணிக்கொரு தரம் கடவுச்சொல் அடிக்க முடியாது.
ஆகவே காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை
மறுபடி கேட்காது.
அந்த நாற்காலியில்
வேறு யாராவது உட்கார்ந்தால்?
உட்காரலாம்.
தெரிந்தே விட்ட ஓட்டை என்று
என் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் வெண்ணாற்றுப் பாலத்தில்
வண்டியை நிறுத்தி டீ குடித்தேன்.
மதகை உவமை சொல்லலாம்தான்.
மதகுக்கு ஓர் ஆள் இருக்கிறார்,
சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.
நான் வைத்துவிட்டு வந்ததை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
வைத்தது வைத்தபடி
வருடக்கணக்கில் கிடக்கும்.

கொரடாச்சேரி மாற்றிவிட்டது. நன்னிலமும்.
பேரளத்துக்கு
நான்கு முறை போன் அடித்துவிட்டேன்.
எடுக்கவில்லை.
அங்கே எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.