ஊசிகள் வேண்டாம்

எந்த நாட்டு அரசி என்று கேட்காதீர்கள்,
மாக்டெல்ட் சொல்ல மாட்டாள்.
ஆண்ட்வெர்ப்பில், மீன்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் அவள் பட்டறை.
நீராவிக்கும் ஈரக் கம்பளிக்கும் நடுவே
பத்தொன்பது வருடமாக நிற்கிறது
லிண்டன் மரத்தில் கடைந்த ஒரு தலை.
கண் இல்லை, காது இல்லை.
அடியில் பென்சிலால் ஓர் எண்:
ஐம்பத்தாறரை.

அரசியின் தொப்பி
கார்க் கதவில் இடிக்கக் கூடாது.
விளிம்பின் நிழல் கண்ணில் விழுந்தால்
புகைப்படக்காரர்கள் முணுமுணுப்பார்கள்.
பூங்கொத்து நீட்டும் குழந்தையின் உயரத்துக்குக்
குனியும்போது நழுவக் கூடாது.
மேயரின் மனைவி கன்னத்தோடு கன்னம் வைக்க வந்தால்
அவள் மூக்கைக் குத்தக் கூடாது
(ஒருமுறை குத்தியது, ஓர் இறகு.
அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை).
கூட்டத்தின் கடைசி வரிசையில்
ஒருத்தி எக்கி நின்று கேட்பாள்: எங்கே, எங்கே?
அதோ, அந்த மஞ்சள் என்று
இன்னொருத்தி கைகாட்ட வேண்டும்.
நாட்டு மக்களில் பாதிப்பேர்
அரசியைப் பார்த்ததில்லை,
மஞ்சளைப் பார்த்திருக்கிறார்கள்.

செப்டம்பரில் அரண்மனைக் கடிதம்.
அலைதடுப்புச் சுவர் திறப்புவிழா. கரும்பச்சை.
விளிம்பு வழக்கத்தைவிட இரண்டு விரல் தாழ்வாக.
சுற்றளவு ஐம்பத்தைந்து.
உள்பக்கம் வெல்வெட்.
கீழே, வேறொரு கையெழுத்தில்:
ஊசிகள் வேண்டாம்.

புதுப்பையன் யோரிஸ் சிரித்தான்.
கடலோரத்தில், அந்தக் காற்றில், ஊசி இல்லாமலா?
மாக்டெல்ட் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.
தொப்பி ஊசி தொப்பியை மட்டும் குத்துவதில்லை.
ஒரு பக்கம் நுழைந்து, கூந்தலில் மூழ்கி,
மறுபக்கம் தலைகாட்டும்.
நடுவில் அதைப் பிடித்துக்கொள்ள
ஏதாவது இருக்க வேண்டும்.

மந்திரிசபைக்குத் தெரியுமுன்
மீன்கடைக்கு மேலே தெரிந்துவிட்டது.
"வெல்வெட் தீர்ந்துபோச்சு, வாங்கி வா" என்றாள்.
அலமாரியில் மூன்று முழம் இருந்தது.
அவன் படியிறங்கும் சத்தம் அடங்கியதும்
இழைப்புளியை எடுத்தாள்.
லிண்டன் தலையின் மேல் வைக்க மனம் வரவில்லை.
வேறொரு தலையைத் தேடி எடுத்தாள்.
அதன் அடியில் எண் எழுதவில்லை.

விழாவன்று தொலைக்காட்சியில்
எல்லோரும் கடலைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள்.
அவள் விளிம்பைப் பார்த்தாள்.
கொடிகள் கிழிந்துவிடும்போல் அடித்தது காற்று.
மேயரின் தொப்பி எழும்பி,
வாத்தியக்குழுவின் மேல் பறந்து,
அலைக்குள் போய் விழுந்தது.
கூட்டம் சிரித்தது. அரசியும்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே,
யார் தலைக்கு வந்தது, யார் தொப்பியோடு போயிற்று
என்றெல்லாம் மாக்டெல்ட் கணக்குப் பார்க்கவில்லை.
போகட்டும், போகட்டும் என்றாள் திரையிடம்.
அரசி குனிந்து ஒரு பையனிடம் பூ வாங்கினாள்.
பச்சை அசையவில்லை.

மறுநாள் பத்திரிகைகள்
தாழ்ந்த விளிம்பின் துணிச்சலை மெச்சின.
அதே மாதிரி கேட்டு மூன்று பெண்கள் படியேறி வந்தார்கள்.
செய்து கொடுத்தாள், ஊசியோடு.

குளிர்காலம் முழுக்கக் கடிதம் இல்லை.
வானொலியில் அரண்மனைப் பெயர் வந்தால்
யோரிஸ் பேசுவதை நிறுத்தக் கற்றிருந்தான்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் வந்தது.
மருத்துவமனையின் புதுக் கட்டடம். வெளிர் ஊதா.
விளிம்பு சிறிதாக இருக்கலாம்.
கீழே அதே கையெழுத்து:
ஊசி ஒன்று. குட்டையாக.

பித்தான் டப்பா, பிஸ்கட் டப்பா எல்லாம் கவிழ்த்து
விரல்நீளம் இல்லாத ஒன்றைக் கண்டெடுத்தாள்.
கண்ணாடி முன் போய்
கொண்டையில் அகப்படாமல்
பிடரியில் நிற்கும் குட்டை நரைமுடியில்
தொப்பித்துணியின் ஒரு துண்டை வைத்து
குத்திப் பார்த்தாள்.
தலையை ஆட்டினாள்.

பிடித்தது.