எடைமேடை

முதலில் நாங்கள் நான்கு பேர்.
பீடோங்கில் டயர்க்கடைக்கு மேல்மாடி,
புதன் இரவு எட்டு மணி.
ஒரு பிளாஸ்க் தேநீர்,
கல்யாணம் எப்போது என்று
யாரும் யாரையும் கேட்காத இரண்டு மணி நேரம்.

மழைக்காலம் முடிவதற்குள் முப்பத்தேழு பேர்.
படியெல்லாம் செருப்பு.
கீழே தவுக்கே
செருப்புகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

சாவி என்னிடம்.
பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா நான்.
லோரி நிறைந்து வரும், காலியாகப் போகும்,
கழித்தால் குலையின் எடை.
ஆட்களிடம் இந்தக் கணக்கு பலிக்கவில்லை.

"முழுசாத் திற,
பூட்டி வெச்சது போதாதா நம்மள" என்றாள் ஹேமஷினி.
"ஒரு படம் வெளியே போனாலும்,
எங்கப்பா கோயில் செயலாளர்..."
யுகேந்திரன் முடிக்கவில்லை.
இருவர் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை.

கைப்பேசிகள் பிஸ்கட் டின்னுக்குள்.
சொந்தப் பெயர் சொல்லவேண்டியதில்லை.
பசார் மாலாமில் எதிர்ப்பட்டால்
கத்தரிக்காய் விலை மட்டும் பேசலாம்.
இதற்கெல்லாம் விதி எழுத முடிந்தது.

ஆணையும் பிடிக்கும் பெண்ணையும் பிடிக்கும்
என்று ஒரு பையன் சொன்னபோது
லோகராஜ் சிரித்தான்.
பள்ளிக்கூடத்தில் லோகராஜைப் பார்த்துச்
சிரித்தார்களே, அதே சிரிப்பு.
வெளியே போ என்றேன்.
போனான்.
பத்து மணிக்குப் பூட்ட வந்தால்
கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறான்,
போக வேறு இடமில்லாமல்.
அவன் முதுகைத் தாண்டித்தான் இறங்கினேன்.

அடுத்த வாரம் ஒருவர் வந்தார்.
ஐம்பது வயதிருக்கும். வியர்த்த சட்டை.
எத்தனை பேர், எந்தெந்த ஊர், எப்போதிலிருந்து?
கேள்வி அதிகம். பயந்துவிட்டேன்.
"இது டியூஷன் வகுப்பு" என்று கதவைச் சாத்தினேன்.
இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக இறங்கினார்.

திங்கட்கிழமை,
பதினோராவது லோரி.
ஓட்டுநர் இருக்கையில் அவர்.
இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டுக்குக் கை நீட்டினார்.
"டியூஷனுக்கு எனக்கு வயசு கூடிப்போச்சா, மிஸ்?"

பின்னால் ஏழு லோரி ஹாரன் அடிக்கிறது.
அவர் முகத்தில் கோபமும் இல்லை,
உளவும் இல்லை என்று சொல்ல
எந்தத் தராசும் என் மேசையில் இல்லை.

சீட்டின் பின்புறம் 'புதன்' என்று எழுதினேன்.
மணி எழுதவில்லை.
அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லோரி இறங்கிய பிறகும்
எடைத்திரையில் எண்கள்
சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தன.