மற்றவை

நேற்றிரவு அவளுடைய ஐந்தாவது தொகுப்பு வெளிவந்தது.
கொண்டலாம்பட்டி பைபாஸில் என் டயர் கடையை
முக்கால்வாசி இறக்கிவிட்டு
ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டேன்.
முதல் பாட்டிலேயே டிராம்போன்.
அவள் அப்பாவுடையது.
லூர்துசாமி பேண்டு செட், செவ்வாய்ப்பேட்டை,
கல்யாணத்துக்கும் சாவுக்கும்
ஒரே சிவப்புக் கோட்டு.

ஆறு வருஷம் அவளுக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான்.
இரண்டு அட்டைகளில் என் பெயர் இருக்கிறது,
ஒன்றில் எழுத்துப் பிழையோடு.

இதையெல்லாம் அமுதினி எங்கிருந்து பிடித்தாள் என்று
பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.
அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி.
ஏழாவது அடியில் அதற்கு ஓர் இடறல் உண்டு,
ஓனர் கடைசிவரை சரிசெய்யவில்லை.
ஆடி மாதம் முழுக்க மாரியம்மன் குழாய் ஸ்பீக்கர்.
ஞாயிறு காலை ஆல்டோ வரிசையில் கடைசி இடம்.
ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போன சித்தி
மலைக்காரப் பெண்களிடம் கேட்டு வந்த மெட்டு, பாதிதான்.
அப்புறம் அந்தக் கேசட்.
பள்ளி விடுதியைக் காலிசெய்த ஓர் அமெரிக்கப் பையன்
சமையல்காரரிடம் விட்டுப்போனது, லேபிள் அழிந்தது.
ஒருத்தி கிடாரோடு முனகுகிறாள், திடீரென்று அலறுகிறாள்,
சர்ச்சில் போலவும் சாராயக் கடையில் போலவும்.
யாரென்று இன்றுவரை தெரியாது.
அமுதினி தேடவும் இல்லை.

முதல் குறுந்தகடு முந்நூறு பிரதி.
என் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து விற்றோம்.
சின்னக்கடை வீதிக் கடைக்காரர்
அதைப் பக்தி வரிசையில் வைத்தார்,
ஆள் வந்து சண்டை போட்டதும் குத்துப் பாட்டில்,
பிறகு கல்லா மேல்
சில்லறைக்குப் பதில் தரும் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில்.
அங்கேதான் விற்றது.

சென்னைக் கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியது, பதினொரு பக்கம்.
டிராம்போன் வேண்டாம்.
பெயரைச் சுருக்கலாம்.
மலையும் தறியும் ஒரே பாட்டில் வேண்டாம், கேட்கிறவன் குழம்புவான்.
ஐந்து ரோடு டீக்கடையில் படித்து முடித்தாள்.
பின்பக்கம் காலியாக இருந்தது.
இரண்டாவது தொகுப்பின் பதினொரு பாட்டும்
அந்தப் பின்பக்கங்களில்தான் எழுதினாள்.
நான் அன்று இரண்டாவது டீ சொன்னேன்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.
என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

கோடை விழாவில் எங்களுக்குக் கிடைத்தது
நாய்க் கண்காட்சி முடிந்த மேடை.
நாலாவது பாட்டில் கரண்ட் போனது.
மேகம் இறங்கி முதல் வரிசை நாற்காலிகளை அழித்தது,
பிறகு மைக்கை, பிறகு அவளை.
பாட்டு மட்டும் நிற்கவில்லை.
நான் குச்சிகளை வைத்துவிட்டுத் தொடையில் தட்டினேன்.
எங்கோ ஒரு நாய் சேர்ந்துகொண்டது, சுருதியில்தான்.
எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது.
கைதட்டலை வைத்துப் பார்த்தால் முப்பது,
அவளைக் கேட்டால் மலை முழுக்க.

இறங்கும்போது பதினாலாவது கொண்டை ஊசியில்
வேன் ரேடியேட்டர் கொதித்தது.
தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன்,
அடுத்த மாசத்திலிருந்து வரமாட்டேன் என்று.
சரி என்றாள்.
கேன் மூடியைக் கேட்டாள்.

இப்போது இணையத்தில் தானே ஏற்றுகிறாள்.
போன காலாண்டுக்கு
நாற்பத்தொரு ரூபாய் எண்பது காசு வந்ததாம்,
படம் பிடித்து அனுப்பியிருந்தாள், சிரிப்புப் பொம்மையோடு.
எந்த வகை என்று கேட்கும் கட்டத்தில்
ஐந்து முறையும் ‘மற்றவை’ என்றே தட்டியிருக்கிறாள்.

நேற்று ஆறாவது பாட்டில் டிரம்ஸ் இல்லை.
எண்ணிக்கொண்டு வந்தேன்.
ஏழாவது அடியில் ஒரு வெற்றிடம்,
தறி இடறும் அதே இடம்.
கை தானாகப் போய்
அடுக்கியிருந்த டயரில் விழுந்தது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன.
லாரி டியூப் இருக்கா என்றது குரல்.
இருக்கிறது என்றேன்.
பாட்டு முடியட்டும்.